கட்டின காசும் சாப்பிட்ட சாப்பாடும்: டிஸ்னி உணவுத் திட்டத்தில் இரண்டு குடும்பங்களின் அனுபவம்

பின்னணி

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு குடும்பம். அப்பா கணக்காளர், அம்மா ஆசிரியை. மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. கூடவே அம்மாவின் அம்மா. 2024 சித்திரை விடுமுறைக்குத் துபாய் வழியாக ரொறன்ரோ போய், ஸ்காபரோவில் இருக்கும் அம்மாவின் தம்பி வீட்டில் சில நாட்கள் தங்கி, பிறகு இரு வீட்டாருமாகச் சேர்ந்து புளோரிடாவின் வோல்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு ஐந்து இரவுகள் போவதாக ஏற்பாடு. தம்பி வீட்டில் நாலு பேர்: அவர், மனைவி, 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள்.

வெள்ளவத்தையில் டிக்கெட், விசா வேலைகள் பார்க்கும் சிறு அலுவலகம் ஒன்றில் நான் வேலை செய்கிறேன். பயணத்துக்கு முன்பு இவர்களுக்குச் செலவுக் கணக்கு போட்டுக் கொடுத்தது எங்கள் அலுவலகம்தான். திரும்பி வந்த பின் அப்பா பில்களை ஒரு கோப்பில் போட்டுக் கொண்டுவந்து தந்தார். தம்பியும் தன் கணக்கை அனுப்பி வைத்தார். ஒரே வாரம், ஒரே ஹோட்டல், ஒரே பூங்காக்கள். ஒரு வீடு சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டியது, மற்றது கட்டவில்லை. இப்படி ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பது அபூர்வம். அவர்கள் சம்மதத்தோடு, பெயர் இல்லாமல் எழுதுகிறேன்.

கேள்வி எப்படி வந்தது

டிஸ்னியின் உணவுத் திட்டத்துக்கு முன்பணம் கட்டுவதா, விடுவதா என்பதுதான் கேள்வி. கொழும்பு ஆட்களுக்கு முன்பணச் சாப்பாடு என்றால் நினைவுக்கு வருவது ஹாஃப் போர்ட்தான். நுவரெலியாவிலோ பெந்தோட்டையிலோ அறையோடு காலையும் இரவும் சாப்பாடு சேர்த்துக் கட்டிவிட்டால், படுக்கிற இடத்திலேயே பஃபே விரித்திருக்கும். இறங்கிப் போய்ச் சாப்பிட்டால் சரி, யோசிக்க ஒன்றும் இல்லை. அப்பாவும் டிஸ்னியின் திட்டத்தை அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தார்.

இன்னொரு காரணமும் அவருக்கு இருந்தது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் பாய்ந்ததைப் பார்த்த எவரும், வெளிநாட்டில் ஒவ்வொரு பில்லாக அட்டையில் தேய்ப்பதற்குப் பயப்படத்தான் செய்வார்கள். முன்கூட்டியே கட்டிவிட்டால் அந்தப் பயம் போகும். தம்பியும் தொலைபேசியில் அதையே சொன்னாராம்: "அக்கா, காசைக் கட்டிப்போட்டு நிம்மதியா இருங்கோ. அங்க போய் விலையைப் பார்த்துக்கொண்டு நிண்டால் சாப்பாடு இறங்காது."

அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. விலை தெரியாத ஊரில் மன அமைதிக்கும் ஒரு பெறுமதி உண்டு. எவ்வளவு பெறுமதி என்பதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

திட்டம் என்ன தருகிறது

டிஸ்னி இதை 2005இல் தொடங்கியது. கோவிட் வந்ததும் 2020இல் நிறுத்தி, 2024 ஜனவரி 9 முதல் மறுபடி கொண்டுவந்தது. அவர்களுடைய ஹோட்டலில், பயணப் பொதியாகப் பதிவு செய்து தங்குகிறவர்களுக்கே கிடைக்கும். இரண்டு வகை.

முதலாவது கவுண்டர் சாப்பாட்டுத் திட்டம், அதாவது கவுண்டரில் நாமே போய் வாங்கிச் சாப்பிடுவது. ஓர் இரவுக்கு ஓர் ஆளுக்கு இரண்டு கவுண்டர் சாப்பாடு, ஒரு சிற்றுண்டி. 2024இல் இதன் விலை 10 வயதும் அதற்கு மேலும் 57.01 டொலர், 3 முதல் 9 வயது வரை 23.83. இரண்டாவது மேசைத் திட்டம். அதில் ஓர் இரவுக்கு ஒரு கவுண்டர் சாப்பாடு, பரிமாறுபவர் வந்து கேட்கும் உணவகத்தில் ஒரு மேசைச் சாப்பாடு, ஒரு சிற்றுண்டி. விலை 94.28, பிள்ளைகளுக்கு 29.69. இரண்டிலும் ஆளுக்கொரு குவளை தருவார்கள். ஹோட்டலில் எத்தனை தரமும் நிரப்பலாம், தேத்தண்ணீர், கோப்பி உட்பட. பூங்காவுக்குள் அந்தக் குவளையால் பயனில்லை.

சிறிய எழுத்தில் இருப்பவைதான் கணக்கை மாற்றுகின்றன. 10 வயதுப் பிள்ளைக்கும் பெரியவர் விலை. ஒரே பதிவில் இருக்கும் 3 வயதும் அதற்கு மேலுமான எல்லோரும் ஒரே திட்டத்தில் சேர வேண்டும், ஒருவரை மட்டும் விட முடியாது. ஒவ்வொரு சாப்பாட்டையும் சிற்றுண்டியையும் ஒரு கிரெடிட் என்று கணக்கு வைப்பார்கள், அதை எண்ணுவது இரவுகளை வைத்து. கிளம்பும் நாளின் நள்ளிரவோடு மீதி எல்லாம் காலாவதி, காசு திரும்பாது. டிப்ஸ் சேராது. சில பெரிய உணவகங்களில் ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு மேசைக் கிரெடிட் போகும். 21 வயது நிரம்பியவர்கள் சாப்பாட்டோடு எடுக்கும் பானம் பியராகவோ வைனாகவோ கூட இருக்கலாம்.

கொழும்பில் போட்ட கணக்கு

டிஸ்னியின் எல்லா உணவகங்களின் மெனுவும் விலையோடு இணையத்தில் இருக்கிறது. ஆகவே ஒரு மாலை அப்பாவையும் அம்மாவையும் மேசைக்கு முன் உட்கார வைத்து, பூங்காவில் ஒரு நாள் என்ன சாப்பிடுவீர்கள் என்று ஒவ்வொருவருக்கும் குறிக்கச் சொன்னோம். திட்டம் தருவதைக் குறிக்காமல், பசித்தால் உண்மையில் எதை வாங்குவீர்களோ அதை. இப்படிக் குறிக்கச் சொன்னால்தான் ஒரு வீட்டின் சாப்பாட்டுப் பழக்கம் வெளியே வரும்.

மாடு சாப்பிடாத வீடு. அம்மம்மா சுத்த சைவம். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை சைவம். கவுண்டர்களில் விலை கூடியது பெரும்பாலும் மாட்டிறைச்சியும் பன்றியும்தான். தாவர உணவுகளுக்கு மெனுவில் இலை அடையாளம் போட்டிருக்கிறார்கள், தேடிக் கஷ்டப்பட வேண்டியதில்லை. ஆனால் எதை எடுத்தாலும் போவது ஒரே கிரெடிட். சலாட்டுக்கும் ஒன்று, இறைச்சித் தட்டுக்கும் ஒன்று. சைவக்காரர் மற்றவரின் இறைச்சிக்குச் சேர்த்துக் கட்டுகிற மாதிரி.

அதோடு இவர்கள் குளிர்பானம் வாங்குகிற ஆட்கள் இல்லை. கவுண்டரில் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீர் சும்மா தருவார்கள். பியர்? அப்பா சிரித்தார். மாமியாரோடு ஒரே மேசையில் இருந்து எந்த மருமகன் பியர் கேட்பான்!

ஒரு பெரியவருக்கு இப்படி எழுதினோம். ஒரு தட்டு 14, 15 டொலர், பானம் 4 அல்லது 5, வரி 6.5 வீதம். இரண்டு சாப்பாடும் ஒரு சிற்றுண்டியும் சேர்ந்தால் 50ஐ ஒட்டி வரும். குவளையின் பங்கையும் போட்டால் 57க்குக் கொஞ்சம் கீழே நிற்கும். அதாவது கிடைப்பதை எல்லாம் எடுத்தாலும் சரிக்குச் சரி. பானத்தை விட்டால் நட்டம், இரண்டு சாப்பாட்டுக்கும் பியர் எடுத்தால் லாபம். பிள்ளை விலையோ நேர்மாறு. 23.83க்கு இரண்டு பிள்ளைச் சாப்பாடு, சிற்றுண்டி, குவளை என்பது நல்ல விலைதான். மிக்கி, மினி மேசைக்கு மேசை வரும் பஃபே ஒன்றுக்குப் போனால் மேசைத் திட்டத்தின் 29.69 ஒரே வேளையில் வந்துவிடும். இந்தக் குடும்பத்தில் பிள்ளை விலைக்கு உரியவர் ஒருவர்தான். 12 வயது மகள் கோழித்துண்டும் பொரித்த உருளைக்கிழங்கும் தவிர வேறெதையும் தொடமாட்டாள், ஆனால் அவளுக்கும் 57.01.

ஐந்து பேருக்கு ஐந்து இரவு கவுண்டர் திட்டம் 1,259.35 டொலர். மேசைத் திட்டம் 2,034.05. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் முறையே 3 லட்சத்து 78 ஆயிரம், 6 லட்சத்து 10 ஆயிரம்.

எடுத்த முடிவுகள்

கொழும்புக் குடும்பம் திட்டம் எடுக்கவில்லை. சிறு சமையல் மூலை இருக்கும் பெரிய அறையாக எடுத்தார்கள். மைக்ரோவேவும் குளிர்சாதனப் பெட்டியும் அதில் இருக்கும். காலைச் சாப்பாடு அறையில், மதியம் பூங்காவில், இரவு கையில் இருப்பதைப் பார்த்து. அம்மம்மாதான் இதை முடித்து வைத்தார்: "எனக்கு ஒரு வாய் தயிர்ச்சோறு காணும். அதுக்கு ஐம்பது டொலர் கட்டாதேங்கோ."

தம்பி வீடு மேசைத் திட்டம் எடுத்தது. இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளை விலை, ஓர் இரவுக்கு 247.94, ஐந்து இரவுக்கு 1,239.70. அவர் எதையும் சாப்பிடுவார், பியரும் எடுப்பார். பிள்ளைகள் இருவரும் 10க்குக் கீழே. கடதாசியில் பார்த்தால் இந்தத் திட்டத்துக்கென்றே பிறந்த குடும்பம்.

மேசை உணவகங்களில் இடம் 60 நாட்களுக்கு முன்பு திறக்கும். டிஸ்னி இருக்கும் ஒர்லாண்டோவில் விடிகாலை 6 மணிக்கு, தம்பி இருக்கும் ரொறன்ரோவிலும் அதே நேரம். தம்பி அலாரம் வைத்து எழும்பி ஐந்து இரவுக்கும் ஐந்து இடம் பிடித்தார். இரு வீட்டாரும் சேர்ந்து இருக்கும் ஒரு மிக்கி காலைப் பஃபேயும் அதில் அடக்கம்.

அங்கே நடந்தது

முதல் இரண்டு நாட்கள் திட்டக்காரர்களுக்குச் சொர்க்கம். மகன் தன் மச்சானின் கையில் பெரிய ஐஸ்கிறீமைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு ஏன் அந்தத் திட்டம் இல்லை?" என்று முகத்தைத் தூக்கினான். அப்பா ஏழு டொலர் கொடுத்து ஒன்று வாங்கிக் கொடுத்தார், விஷயம் முடிந்தது. அம்மாவின் கதை வேறு. விடிய எழும்பி பாணுக்கு வெண்ணெய் பூசி, வாழைப்பழம், யோகட் எடுத்து வைத்து, பூங்காவுக்குக் கொண்டுபோக சான்ட்விச்சும் கட்டினார். டிஸ்னி பூங்காக்களுக்குள் சொந்தச் சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடிப் போத்தலும் மதுவும் கூடாது. ஸ்காபரோவிலிருந்து கொண்டுபோன சீனிச்சம்பல் மூன்றாம் நாளோடு தீர்ந்தது. அவருடைய விடுமுறை அரைவாசிதான் விடுமுறை என்பது பில்களில் தெரியாது. நான் கேட்டபோது அவர் சொன்னது, "வெள்ளவத்தையில செய்யிறதைத்தான் அங்கயும் செய்தன்."

மூன்றாம் நாள் இரு வீட்டாரும் மிக்கி பஃபேக்குப் போனார்கள். அம்மம்மா அறையில் ஓய்வெடுத்தார். பஃபேயில் தலைக்குத் தலை காசு, அவர் சாப்பிடக்கூடியதோ பழமும் உருளைக்கிழங்கும்தான். மற்ற நாலு பேருக்கும் வரி, டிப்ஸ் சேர்த்து 250 டொலரை ஒட்டி வந்தது. ஆறு பேரோ அதற்கு மேலோ ஒரே குழுவாகப் போனால் 18 வீத டிப்ஸ் பில்லிலேயே ஏறிவிடும். திட்டத்தில் இருந்த தம்பிக்கும் அந்த டிப்ஸ் மட்டும் கையிலிருந்துதான் போனது.

திட்டத்தின் பாரம் நாலாம் நாள் தெரிந்தது. அன்றைக்கு இரவு 7.35க்கு இன்னொரு ஹோட்டலில் ஆபிரிக்கப் பஃபே. பகல் முழுக்க மெஜிக் கிங்டம் பூங்காவில் நடந்து, மதியம் கவுண்டர் கிரெடிட்டையும் சாப்பிட்டு, பின்னேரம் சிற்றுண்டிக் கிரெடிட்டையும் சாப்பிட்டாயிற்று. யாருக்கும் பசியில்லை. 6 வயதுப் பிள்ளை தள்ளுவண்டியில் தூங்கிவிட்டது. வாணவேடிக்கைக்கு நின்றால் மேசை போகும், மேசைக்குப் போனால் வாணவேடிக்கை போகும். போகாமல் விட்டால் நாலு மேசைக் கிரெடிட்டுக்கு வேறு நாள் தேட வேண்டும், தாமதமாக ரத்து செய்தால் தலைக்குக் காசும் பிடிப்பார்கள். தம்பியின் மனைவி போகவேண்டாம் என்றார். தம்பி, "கட்டின காசு" என்றார். தூங்கிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனார்கள். பிள்ளை கடைசி வரை கண் திறக்கவில்லை. பிள்ளைக்கான கிரெடிட் மட்டும் ஒழுங்காகக் கழிந்தது.

அந்த நேரத்தில் கொழும்பு வீட்டார் வாணவேடிக்கை பார்த்துவிட்டு, கொஞ்சச் சாப்பாட்டையே ஐந்து பேராகப் பகிர்ந்திருக்கிறார்கள். அந்தப் பில் என்னிடம் இருக்கிறது, 31 டொலர் சொச்சம்.

கடைசி மாலை ஹோட்டல் கடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தம்பி வீட்டுக்கு 11 சிற்றுண்டிக் கிரெடிட் மீதி. நள்ளிரவு தாண்டுவதற்கு இன்னும் ஒரு நாள் இருந்தாலும் மறுநாள் காலை விமான நிலையம். அலமாரியில் ஒரு வாழைப்பழத்துக்கும் ஒரு கிரெடிட், மிக்கி வடிவில் செய்த பெரிய இனிப்புக்கும் ஒரு கிரெடிட், தண்ணீர்ப் போத்தலுக்கும் ஒன்று. பெறுமதி கூடியதாகப் பார்த்து எடுக்கத் தம்பி விலைச் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டு நின்றார். அம்மம்மா இரண்டு வாழைப்பழத்தைக் கூடைக்குள் வைத்தார். தம்பி மெதுவாக எடுத்துத் திரும்ப வைத்துவிட்டு, "அம்மா, அது காசுக்கு வாங்கித் தாறன்" என்றாராம். இனிப்புப் பெட்டிகள் ஸ்காபரோ போய்ச் சேர்ந்தன. அவற்றில் பாதியை அவர் வேலையிடத்தில் கொடுத்திருக்கிறார்.

பில்களைப் பார்த்தபோது

கொழும்பு வீட்டின் மொத்தச் சாப்பாட்டுச் செலவு, அறைக்கு வரவழைத்த மளிகை, மிக்கி பஃபே, ஐஸ்கிறீம் எல்லாம் சேர்த்து 920 டொலரை ஒட்டி. மிக்கி பஃபே இல்லாத கவுண்டர் திட்டத்தை எடுத்திருந்தால்கூட 1,259. ஏறத்தாழ 340 டொலர், ஒரு லட்சம் ரூபாய், மிச்சம். மிச்சம் என்று சொல்வதில் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. அதில் ஒரு பகுதி அம்மாவின் ஐந்து காலைகள். இன்னொரு பகுதி, சாப்பிடாமலே விட்ட சாப்பாடு.

தம்பி வீட்டில் விஷயம் இன்னும் சுவையானது. அவர்கள் எடுத்த எல்லாவற்றையும் மெனு விலையில் கூட்டினால் குவளை சேர்த்து 1,400ஐ எட்டுகிறது. கட்டியது 1,240. ஆக 160 டொலர் லாபம். டிப்ஸ் தனியாக 140ஐ ஒட்டிப் போனது, ஆனால் அது திட்டம் இல்லாவிட்டாலும் போகும். தம்பி இந்த லாபக் கணக்கைத்தான் எனக்கு அனுப்பியிருந்தார்.

நான் கேட்டது ஒன்று: திட்டம் இல்லாவிட்டால் எத்தனை மேசை உணவகத்துக்குப் போயிருப்பீர்கள்? "ரெண்டு. மிக்கி ஒண்டு, கடைசி நாள் ஒண்டு." அப்படியானால் மற்ற மூன்று மேசைச் சாப்பாட்டுக்குப் பதில் மூன்று கவுண்டர் சாப்பாடு, சிற்றுண்டியில் பாதி. அந்தக் கணக்கு 1,000 டொலரை ஒட்டி நிற்கிறது. மெனு விலையோடு ஒப்பிட்டால் 160 லாபம், தங்கள் சொந்த வழக்கத்தோடு ஒப்பிட்டால் 240 நட்டம். திட்டம் லாபம் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் முதல் கணக்கைத்தான் போடுகிறார்கள். பொய்யான கணக்கில்லை. ஆனால் வாங்க நினைத்திராத ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கியதற்கு அதை லாபம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

நேரத்துக்கும் விலை உண்டு. 2024இல் டிஸ்னியின் ஒருநாள் டிக்கெட் நாளையும் பூங்காவையும் பொறுத்து 109 முதல் 189 டொலர் வரை. மேசைச் சாப்பாடு ஒன்றுக்குப் போக்குவரத்தோடு இரண்டு மணித்தியாலம் போகும். இரண்டு குடும்பமும் ஒரே எண்ணிக்கைப் பூங்கா டிக்கெட்டுத்தான் வாங்கியிருந்தன. மகன் ஏறிய சவாரிகளின் பட்டியலும் அவன் மச்சானின் பட்டியலும் ஒரே நீளமில்லை என்பதை இருவருமே எனக்குச் சொன்னார்கள்.

தம்பியின் மனைவிக்கு மட்டும் வேறு கருத்து. ஐந்து நாளும் அடுப்பைப் பற்றி நினைக்கவில்லை, எதற்கும் விலை கேட்கவில்லை, பிள்ளைகள் கேட்டதைக் கொடுத்தேன், அது 240 டொலருக்கு மேல் பெறும் என்றார். இதை நான் மறுக்க மாட்டேன். வெள்ளவத்தை அம்மாவும் மறுக்கவில்லை.

அடுத்த முறை மாற்றுவது

இரு வீட்டாரும் மறுபடி போவதானால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

கொழும்பு அம்மா இரண்டு தனிப் பதிவாக இரண்டு அறை எடுக்கலாமா என்று பார்க்கச் சொன்னார். ஒரே பதிவில் இருந்தால்தான் எல்லோரும் சேர வேண்டும்; பதிவு வேறானால் ஓர் அறைக்குத் திட்டம் போட்டு மற்றதை விடலாம். அவரும் மகனும் ஒரு பதிவில் கவுண்டர் திட்டத்தோடு, மற்ற மூவரும் இல்லாமல். அப்படியானால் ஓர் இரவுக்கு 80.84, ஐந்து இரவுக்கு 404.20 டொலர், 2024 விலையில். இரண்டு அறைக்கான கூடுதல் வாடகை அந்த மிச்சத்தைத் தின்றுவிடும் என்று கணக்காளர் உடனே சொன்னார். அம்மா, "அதையும் கூட்டிப் பாருங்கோ, என்ர அஞ்சு விடியலையும் கூட்டிப் பாருங்கோ" என்றார். அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.

தம்பி மேசைத் திட்டத்திலிருந்து கவுண்டர் திட்டத்துக்கு இறங்கி, மிக்கி பஃபேக்கு மட்டும் கையிலிருந்து கட்டுவதாகச் சொல்கிறார். இரவு மேசை ஏதாவது எடுத்தாலும் அதைப் பூங்கா நாளில் வைக்காமல், வந்து இறங்கும் நாளிலும் ஓய்வு நாளிலும் வைப்பார். மூத்த பிள்ளை 10ஐத் தொட்டதும் அந்த ஒருவருக்கான கவுண்டர் விலையே, 2024 கணக்கில், 23.83லிருந்து 57.01க்கு ஏறும் என்பது அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

டிஸ்னியும் சும்மா இருக்கவில்லை. 2026 பயணங்களுக்குப் பெரியவர்கள் திட்டம் எடுத்தால் 3 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசம் என்று அறிவித்திருக்கிறார்கள். தம்பியின் இளையவருக்கு அது பொருந்தும், மூத்தவருக்கு வயது போய்விட்டது. எங்கள் அலுவலகத்தில் இப்போது சாப்பாட்டுத் திட்டம் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் வாங்குவது பிள்ளைகளின் பிறந்த தேதி. பிறகுதான் மெனுவைக் கொடுத்து, ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுவீர்கள் என்று குறிக்கச் சொல்கிறோம்.